பூட்டுக்காரி கேட்டது

என் தம்பி பெண்டாட்டி தங்கமாரிக்குக் குரல்தான் பலம். பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியுமுன் தெருமுனையில் நின்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், பெண்கள் தூக்குவாளியும் கையுமாக வந்து நின்றுவிடுவார்கள். களையெடுக்க ஆள் வேண்டுமென்றால் புஞ்சைக்காரர்கள் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். யாருக்கு இடுப்புவலி, யார் வேகக்காரி, எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் வேலை நடக்காமல் வாய்ச்சண்டை நடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆளுக்கொரு நிரையாகப் பிரித்துவிடுவாள். நிரை என்றால் ஒருத்தி குனிந்து களையெடுத்துக்கொண்டே போகிற நீளத் துண்டு. தங்கமாரியும் ஒரு நிரை பிடிப்பாள். முதலில் கரையேறுவதும் அவள்தான்.

நான் சுந்தரம்மாள். அவளுக்கு நாத்தனார், மூத்தவள். கோவில்பட்டியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. என் வாய் கொஞ்சம் நீளம். அவள் வாயும் லேசுப்பட்டதில்லை. என் தம்பி பேச்சிராஜா இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் வாய் ஓய்ந்துபோன தங்கமாரியைப் பார்க்க நேர்ந்தபோதுதான், அவள் என்னை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலமே நல்ல காலம் என்று எனக்குத் தோன்றியது.

நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில். உளுந்துக் காட்டில் களையெடுப்பு. மத்தியானத்துக்கு மேல் விளாத்திகுளம் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். கரிசலில் ஒரு மழை விழுந்துவிட்டால் காலை வைக்க முடியாது. செருப்போடு மண்ணும் சேர்ந்து வரும். ஒரு வாரத்துக்கு யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் களை எழும்பிப் பயிரை மூடிவிடும். அதனால் வானம் கறுத்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டைப் பார்த்து ஓடுவதில்லை. இன்னும் குனிந்து, இன்னும் வேகமாகக் கையைப் போடுவார்கள். மழைக்கு முன்னால் நிரை முடிய வேண்டும். என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், அவள் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பாள். புத்தி கெட்ட வழக்கம், ஆனால் அதுதான் வழக்கம்.

பக்கத்து நிரையில் சுடலைச்செல்வி. சீனித்தாயின் ஒரே மகள். தங்கமாரி வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளித்தான் அவர்கள் வீடு. கல்யாணம் பேசி முடித்திருந்த பெண். எந்நேரமும் தங்கமாரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் திரிவாள்.

"யக்கா, இடிக்குது. ஏறிருவோம்க்கா" என்றாளாம்.

"நெரைய முடிச்சிட்டு ஏறுவோம்ட்டி. இன்னும் கொஞ்சந்தான கெடக்கு" என்று தங்கமாரி நிமிராமலே சொன்னாளாம்.

எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் சரியென்றுதான் கையைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்ததாம். அத்தனை பெண்களும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் சுடலைச்செல்வி வரவில்லை என்று தெரிந்தது. ஆண்கள் போய்த் தூக்கி வந்தார்கள். விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

சீனித்தாய் தங்கமாரியை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நீ என்ன செய்வ, எந்தலையெழுத்து" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. தங்கமாரி அந்த வீட்டு வாசல் வழியாக நடப்பதை விட்டாள். ரேஷன் கடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போவாள். பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு காட்டுக்குப் போவதையும் விட்டாள். அந்தக் குரல் வீட்டுக்குள்ளேகூட எழும்பவில்லை. பிறகு பூட்ட ஆரம்பித்தாள்.

வானத்தில் மேகம் தென்பட்டால் மகள் ரேணுகாதேவியை உள்ளே தள்ளி, வெளியே பூட்டிவிடுவாள். சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் உட்காருவாள். மேகம் கலைந்தால்தான் கதவு திறக்கும். முதலில் ஊரார் பரிதாபப்பட்டார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் கண்டுகொள்வதை விட்டார்கள். பிள்ளை பொறுத்துக்கொண்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், "நாளைக்கு மேகம் போட்டாலும் பூட்டக் கூடாதும்மா" என்று கேட்டாள். தங்கமாரி மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். மறுநாள் கோடைமழை மேகம். பேச்சிராஜா லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போயிருந்தான். பிள்ளை யூனிபார்ம் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு பூட்டியாயிற்று. உள்ளேயிருந்து கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து சாவியைப் பிடுங்கித் திறந்தபோது பஸ்ஸும் போய், பரீட்சையும் போயிருந்தது. மேகம் என்னவோ ஒரு சொட்டுக்கூடப் போடாமல் போய்விட்டது.

எனக்குப் போன் வந்தது. நான் போய் நின்ற கோலத்தில் என் வாயிலிருந்து என்னென்ன வந்ததோ, இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. தங்கமாரி எதிர்த்துப் பேசவில்லை. அவள் பேசாததால் நான் இன்னும் பேசினேன். ரேணுகாவைக் கையோடு கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஜூலையில் மறுபரீட்சை எழுதித் தேறினாள். இங்கேயே பிளஸ் ஒன் சேர்த்தேன்.

"அம்மா பூட்ட மாட்டான்னு எனக்குத் தெரியணும் அத்தை. அதுவரைக்கும் நான் அங்கன போக மாட்டேன். அவ சத்தியத்த நான் இனி நம்ப மாட்டேன்" என்றாள் ரேணுகா. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். மகளை இழந்துவிடக் கூடாதென்று பூட்டினவளுக்கு மகள் இல்லாமல் போயிற்று. அவளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தங்கமாரிக்கு வேறு ஆசையே இல்லை.

பேச்சிராஜா பெண்டாட்டியைப் பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். கோடாங்கி உடுக்கையை அடித்து, "யாரு நீ? எங்கன புடிச்ச? என்ன வேணும், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமாக உள்ளே இருப்பது வாய் திறந்து கோழி கேட்கும், கிடா கேட்கும், சிலது சுருட்டுக்கூடக் கேட்கும். கொடுத்தால் போய்விடும். தங்கமாரி வாயே திறக்கவில்லை. கடைசியில் அவரே சொல்லிவிட்டார், இடி விழுந்து செத்த பெண்தான் பிடித்திருக்கிறாள், முடியைப் பிடித்துப் புளியமரத்தில் ஆணி அடித்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று. புளியமரத்தடியில் உட்காரவைத்து, அவர் முடியைப் பிடித்து ஆணியைக் கையில் எடுத்ததும் தங்கமாரி எழுந்துவிட்டாள்.

"அவள ரெண்டாந்தடவையும் விட்டுட்டு வர மாட்டேன்" என்றாள்.

முடியை விடுவித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். என்ன இரண்டாவது தடவை, முதல் தடவை எப்போது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. தட்சிணை வைத்த பிறகு இப்படிச் செய்கிறாளே என்ற எரிச்சல்தான் இருந்தது.

எங்கள் சந்தின் முனையில் ஒரு மாடியில் ஒரு சேவை அமைப்பின் அறை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து எஸ்தர்ராணி என்று மனசுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலர் சனிக்கிழமைதோறும் அங்கே வருவார். என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பார். அளவு கொடுக்க வந்தவரிடம் பேச்சுவாக்கில் தங்கமாரி கதையைச் சொன்னேன். கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். ஊசியா மாத்திரையா என்று கேட்டேன். பேச்சுதான் என்றார். பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் என்ன பஞ்சம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் தங்கமாரி தனியாக உள்ளே போக மாட்டேன் என்றதால் நானும் உட்கார்ந்தேன். எஸ்தர்ராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கக்கா" என்றார். தங்கமாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"அக்கான்னு கூப்பிடாதீங்க மேடம்" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரி, தங்கமாரின்னு கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அவருடைய வைத்தியத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஓர் ஆளுக்குள் பல ஆட்கள் இருப்பார்களாம். பைத்தியம் என்று அர்த்தமில்லையாம், எல்லோருக்குள்ளும் இருப்பார்களாம். ஒரு வீட்டில் நாலு பேர் நாலு குணத்தோடு இருப்பதைப் போலத்தானாம். பெரிய அடி ஒன்று விழுந்தால் அந்த நாலு பேரில் ஒருத்தர் வீட்டைக் காக்கிறேன் என்று கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிடுவாராம். மற்றவர்களை வாய் திறக்க விடமாட்டாராம். அவர் கையிலிருக்கும் கம்பைப் பிடுங்கக் கூடாதாம், எதற்குத் தூக்கினாய் என்று கேட்க வேண்டுமாம்.

"இப்ப உள்ள யாரு பேசுதா தங்கமாரி?"

"ஒருத்தி ஏசுதா மேடம். எப்பவும் ஏசிக்கிட்டேதான் இருக்கா. நீ சொன்ன வார்த்தையாலதான் அவ செத்தாங்கா. நீயெல்லாம் சோறு திங்கலாமாங்கா."

"உடம்புல எங்கன இருக்கா?"

தங்கமாரி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"அவளை மொதல்ல வெளிய அனுப்புங்க மேடம்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"வெளிய எங்கம்மா அனுப்ப? அவ வீடே இதான். கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுவோம், போதும்" என்றார் எஸ்தர்ராணி. எனக்குச் சுருக்கென்று இருந்தது. இதென்ன கூத்து, ஏசுகிறவளுக்கு நாற்காலி போட்டு உபசாரமா என்று வீட்டுக்கு வந்து ரேணுகாவிடம் புலம்பினேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டவும் இல்லை.

சனிக்கிழமைதோறும் தங்கமாரி பஸ் பிடித்து வந்தாள். என்னையும் துணைக்கு வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டு என் கடையில் கொஞ்ச நேரம் உட்காருவாள். ரேணுகா டீ வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுப்பாள். பக்கத்தில் உட்கார மாட்டாள். மிஷினுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பாள். இவள், "சாப்பிட்டேன்ட்டி" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. தங்கமாரி மகளுடைய பின்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போவாள். பெற்றவளுக்கு அந்த நிலைமை வேண்டாம்.

ஏசுகிறவளிடம் எதற்காக ஏசுகிறாய் என்று ஒரு சனிக்கிழமை கேட்டார்கள். நான் ஏசாவிட்டால் நீ சுடலைச்செல்வியை மறந்துவிடுவாய் என்றாளாம். தங்கமாரி கண்ணை மூடிக்கொண்டே, "மறக்க மாட்டேன்ட்டி, நீ கொஞ்சம் மூச்சு வாங்கிக்க" என்று அவளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். அன்று என் கடையில் வந்து இரண்டு வடை தின்றாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, வெளியே மூட்டமாக இருந்த அன்று, இன்னொருத்தி வந்தாள். வாசலில் பூட்டோடு நிற்கிறாள் என்றாள் தங்கமாரி. பூட்டுக்காரி என்று நான்தான் கேலியாகப் பேர் வைத்தேன். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"பூட்டுக்காரிக்கு என்ன பயம்?" என்று எஸ்தர்ராணி கேட்டார்.

"வெளிய போனா திரும்ப வர மாட்டாகன்னு."

"அவ மேல உங்களுக்கு இப்ப கோபம் வருதா?"

தங்கமாரி யோசித்தாள். "வந்துச்சு. எம்பிள்ளைய எங்கிட்டருந்து பிரிச்சவ இவதான். ஆனா நிக்கற நிலையப் பாத்தாப் பாவமா இருக்கு மேடம். மூணு வருஷமா உக்காரல."

"என்ன செஞ்சா சாவியக் குடுப்பான்னு கேளுங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் கோடாங்கி கேட்ட கேள்விக்குத்தானே இந்த அம்மாவும் வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். கோழியா கிடாவா, கேட்டுத் தொலைக்கட்டும், கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விடலாம். தங்கமாரியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சொல்லச் சொல்லுதா" என்றாள் கடைசியில்.

"யாருகிட்ட?"

"சீனித்தாய் சித்திகிட்ட."

"என்னன்னு?"

தங்கமாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய்விடவா என்று கேட்டேன். வேண்டாம் மதினி, நீங்களும் கேளுங்க என்றாள்.

"இடி விழுந்ததும் எனக்குக் காது அடைச்சிருச்சு. எந்திரிச்சுப் பாத்தேன். அவ கெடந்தா. 'யக்கா'ன்னா. ஒரு தடவ. நான் பாத்தேன் மதினி. பாத்துட்டு ஓடிட்டேன். திரும்பவே இல்ல. ரோட்டுல வந்து நின்னு, அவ எங்கன்னு எல்லாரும் கேட்டப்ப, நானும் சேந்து எங்கன்னு கேட்டேன்."

நான் என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டினேன். நிரையை முடித்துவிட்டு ஏறுவோம் என்று சொன்ன வார்த்தையைத்தான் அவள் சுமக்கிறாள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அது ஊருக்கே தெரிந்த வார்த்தை, ஊரே மன்னித்த வார்த்தை. அதற்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. புளியமரத்தடியில் அவள் சொன்ன இரண்டாவது தடவை இப்போது எனக்கு விளங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குள் முதலில் வந்தது இரக்கம் இல்லை. அடிப்பாவி என்றுதான் வந்தது. அதை அவள் என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

"டாக்டர் அப்பவே உயிர் போயிருச்சுன்னு சொன்னாகளே. நீங்க கேட்டது அவ சத்தந்தான்னு உறுதியாத் தெரியுமா?" என்று எஸ்தர்ராணி மெல்லக் கேட்டார்.

"டாக்டர் அங்கன இல்லையே மேடம். எனக்குக் கேட்டுச்சு."

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. ஓடினவள் எங்கே இருக்கிறாள், அவளைப் பார்க்க முடிகிறதா என்று கேட்டார். தங்கமாரி வெகுநேரம் மறுத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்றாள். ஏசுகிறவளையும் பூட்டுக்காரியையும் கொஞ்சம் விலகச் சொல்லி, இருவரும் சம்மதித்த பிறகுதான் பார்த்தாள். பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது.

"சின்னப்பிள்ளையா இருக்கா மேடம். பாவாடை கட்டியிருக்கா."

அவள் அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பவர் என்று எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அவர் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் அம்மா, "ஓடுட்டி, திரும்பிப் பாக்காம ஓடு" என்று பிள்ளையைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிடுவாளாம். பிள்ளை காய்ந்த பருத்திச்செடி அடுக்கிய படப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். உள்ளே அம்மா அடிவாங்கும் சத்தம் கேட்கும். திரும்பிப் போகக் கூடாது, அம்மா சொல்லியிருக்கிறாள். உளுந்துக் காட்டில் ஓடினது அந்தப் பிள்ளைதான். தங்கமாரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். தனக்காக அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் அடிப்பாவி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நானும் பையிலிருந்த ஒட்டுத்துணியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் சீனித்தாயிடம் போய்ச் சொல்வதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற வயிறு மூன்று வருஷமாக ஆறாமல் கிடக்கிறது. பிள்ளை ஒரே நொடியில் போய்விட்டாள், வேதனைப்படவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அதையும் பிடுங்கி உன் மனசை ஆற்றிக்கொள்வாயா என்று கேட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன். தங்கமாரி, "அதையேதான் மதினி ஏசுதவளும் கேக்கா" என்றாள்.

எஸ்தர்ராணியும் அவசரப்படுத்தவில்லை. "உங்க பாரத்த எறக்கி அவிய தலையில வைக்கவா, இல்ல அவியளுக்குச் சேர வேண்டியதக் குடுக்கவா? ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். உள்ள இருக்கற எல்லாரையும் கேட்டுட்டு முடிவெடுங்க. சொல்லாமலும் பூட்டுக்காரிகிட்டப் பேசிப் பாக்கலாம்" என்றார். பேசியும் பார்த்தார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பூட்டுக்காரி கேட்டதை மாற்றிக் கேட்கவில்லை.

தீபாவளிக்கு ரேணுகாவை வீட்டுக்கு அழைத்தான் பேச்சிராஜா. நானும் கூட வந்தால் வருகிறேன் என்றாள் பிள்ளை. இரண்டு பேரும் முந்தின நாளே போனோம். பேச்சிராஜா கடைசி லோடு இறக்கப் போயிருந்தான். தங்கமாரி அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மகள் வந்திருக்கிற சந்தோஷத்தில் முதல் ஈடு கருகிவிட்டது. ரேணுகா சிரித்துக்கொண்டே கரண்டியை வாங்கினாள். இரண்டு பேரும் ஒரே அடுப்பின் முன்னால் நிற்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விளாத்திகுளம் பக்கம் உறுமியது.

தங்கமாரியின் கை நின்றது. அடுப்பை அணைத்தாள். முன்னறைக்குப் போய் ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்தாள். ரேணுகா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. தெரிந்ததுதானே என்பது போல நின்றாள்.

தங்கமாரி கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. "நில்லு" என்று யாரிடமோ சொன்னாள். "கொஞ்சம் தள்ளி நில்லு. பிள்ளையப் பூட்ட வேண்டாம். நானே போய்ச் சொல்லிட்டு வந்துருதேன்."

பூட்டு கையிலிருக்க அவள் படியிறங்கிப் போனாள். ரேணுகா என்னைப் பார்த்தாள். உள்ளேயிருப்பவளிடம்தான் பேசுகிறாள், வா என்று சொல்லி நானும் கிளம்பினேன். தங்கமாரி ரேஷன் கடைப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தெருவில் நடந்தாள். ஒவ்வொரு உறுமலுக்கும் தோள் தூக்கிப் போட்டது. கால் நிற்கவில்லை.

சீனித்தாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் தீபாவளி கிடையாது. முறத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"சித்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க கேக்க வேண்டாம்னு சொன்னாலும் சரி, போயிருதேன்."

"சொல்லு."

"அன்னைக்குச் செல்வி என்னையக் கூப்பிட்டா. விழுந்து கெடந்துக்கிட்டு 'யக்கா'ன்னா. நான் பாத்தேன். பாத்துட்டு ஓடிட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

சீனித்தாய் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து வீசினாள். இன்னொரு கல்லை எடுத்து வீசினாள். நான் நினைத்துக்கொண்டேன், இப்போது முறம் பறக்கும், நெஞ்சில் அடித்துக்கொள்வாள், தெரு கூடும். வானம் மறுபடி உறுமியது. முதல் துளிகள் விழுந்தன.

"இடிக்குது. உள்ள வாங்க" என்றாள் சீனித்தாய்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சுவரில் சுடலைச்செல்வி படம், பிளாஸ்டிக் மாலையோடு. மழை பிடித்துக்கொண்டது. தங்கமாரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கதவோரம் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்ததும் சீனித்தாய் எழுந்து ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அம்மான்னு கூப்பிடலையா?"

தங்கமாரியின் முழங்கையை இடித்தேன். கூப்பிட்டாள் சித்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும். அந்தத் தாய் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ரேணுகா தன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சித்தி" என்றாள் தங்கமாரி. "அக்கான்னு மட்டுந்தான் கூப்பிட்டா."

சீனித்தாய் தலையை ஆட்டினாள். "அப்ப உன்னையத்தான் கூப்பிட்டிருக்கா."

"ஆமா சித்தி."

அதற்குப் பிறகு அவள் எங்களைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மழை விட்டதும் நாங்களாகத்தான் எழுந்தோம். தங்கமாரி வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சீனித்தாய் அதற்குள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

தெருவில் கரிசல் குழைந்து கிடந்தது. மூன்று பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். தங்கமாரியின் இன்னொரு கையில் பூட்டு அப்படியே இருந்தது. ரேணுகா அதைப் பிடித்து இழுத்தாள். இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன.

"பொய் சொல்லிருவன்னு நெனச்சேன்" என்றாள் பிள்ளை.

"வாய் வரைக்கும் வந்துச்சுட்டி. உள்ள இருக்கற ஓடுனவளுக்கு அந்தப் பொய்யச் சொல்லிரணும்னு இருந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு தங்கமாரி நின்றாள். "ரேணு, இன்னைக்கு இந்த இடியில நடந்து வந்துட்டேன் பாத்தியா. அன்னைக்கும் இதே காலுதான இருந்துச்சு."

எஸ்தர்ராணி இருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ. பிள்ளை தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கால் கழுவினோம். ரேணுகா தோளிலிருந்த பையை இறக்கி உள்ளே வைத்தாள். பூட்டைக் கொண்டுபோய் ஆட்டுக் கொட்டடிக் கதவில் மாட்டினாள்.

"அத்தை, அடுத்த வாரம் என் புக்கெல்லாம் அப்பாகிட்டக் குடுத்து விடுங்க. இங்கனருந்தே ஸ்கூலுக்குப் பஸ்ஸுல வந்துக்கிடுதேன்" என்றாள்.

தங்கமாரி அதைக் கேட்டாள். அடுப்பைப் பற்ற வைத்து, மிச்ச மாவைப் பிழிய உட்கார்ந்தாள்.